மூன்று செல்லா, ஒற்றைச் செல்லா? இரண்டு எல்இடி டார்ச் கிட்கள்

நாமே ஈயம் வைத்துப் பொருத்தும் எல்இடி டார்ச் கிட்களில் எளியவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் மூன்று பென்சில் செல்லும், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். இன்னொன்று, ஒரே செல்லில் எரியும் 'ஜூல் தீஃப்'.

சிக்கல் இரண்டுக்கும் ஒன்றுதான். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். புதுச் செல் தருவதோ 1.5.

மூன்று செல் என்றால் 4.5. அதில் எல்இடி 3.2 எடுத்துக்கொள்ள, மீதி 1.3 ரெசிஸ்டர் தலையில். 20 மில்லிஆம்பியர் ஓடவேண்டுமானால் 1.3ஐ 0.02ஆல் வகுங்கள்: 65 ஓம். கடையில் கிடைப்பது 68 (மேலே உள்ள நிறப் பட்டைகள்: நீலம், சாம்பல், கறுப்பு). இந்தக் கணக்கு பிடிபட்டால் கிட் உங்கள் சொல்பேச்சு கேட்கும். 47 ஓம் போட்டால் சுமார் 28 மில்லிஆம்பியர். சாதாரண 5 மி.மீ. எல்இடிக்கு 30தான் எல்லை என்பதால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னும் வெளிச்சம் வேண்டுமா? இன்னொரு எல்இடியை அதற்கென்று தனி 68 ஓமோடு பக்க இணைப்பில் சேருங்கள். ஒரே ரெசிஸ்டரை இரண்டுக்கும் பொதுவாக வைத்தால் ஒன்று அதிகம் குடிக்கும், மற்றது மங்கும். தொடராகக் கோத்தால் எரியவே எரியாது, 6.4 வோல்ட்டுக்கு எங்கே போவது?

குறை ஒன்று உண்டு. செல்கள் 1.2க்கு இறங்கினால் மொத்தமே 3.6தான். செல்லில் சத்து இருக்கும்போதே டார்ச் சோர்ந்துவிடும்.

அந்த மிச்சத்தைத்தான் ஜூல் தீஃப் உறிஞ்சுகிறது. ஒரு டோராய்டு (காந்தப் பொருளாலான) வளையம், அதில் சேர்த்துச் சுற்றிய இரண்டு கம்பி, 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர், அவ்வளவே. டிரான்சிஸ்டர் ஒரு ஸ்விட்ச் போல நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தின் வழியைத் திறந்து மூடும். மூடும் ஒவ்வொரு முறையும் சுருள் தன் மின்னோட்டத்தை விடமாட்டேன் என்று எகிற, அந்த எகிறலில் எல்இடி எரிகிறது. சுவர்க் கடிகாரம் கைவிட்ட செல்லிலும் இது ஓடும்.

ஆனால் பொருத்துவதில் படுத்தும். ஒரு கம்பியின் முடிவு அடுத்த கம்பியின் தொடக்கத்தோடு சேரவேண்டும். நான் முதலில் தொடக்கங்கள் இரண்டையும் சேர்த்துவிட்டு, டிரான்சிஸ்டர் போச்சு என்று புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். பழையதில் எந்தக் கோளாறும் இல்லை! டிரான்சிஸ்டர் மாற்றுபவர்கள் கால் வரிசையையும் பாருங்கள். தட்டைப் பக்கம் நம்மை நோக்கியிருந்தால் பிசி547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர்; பிளாஸ்டிக் பிஎன்2222க்கு அப்படியே தலைகீழ்.

கரண்ட் போன இரவில் தெருவில் இறங்க எனக்கு மூன்று செல் டார்ச்தான். ஜூல் தீஃபின் வெளிச்சம் அதற்குக் காணாது. பூஜை அறையிலோ மாடிப்படியிலோ இரவு விளக்காக வைத்தால் தாராளம். லித்தியம் செல்லுக்குத் தாவ ஆசைப்படுபவர்கள் மின்னோட்டம் எல்லை மீறினால் துண்டிக்கும் பாதுகாப்பு போர்டு இல்லாமல் அதைத் தொடவேண்டாம். கம்பி தவறித் தொட்டால் தீப்பிடிக்கலாம்.