பேட் விரிப்பா, மொட்டை மாடியா? ஓயாமல் மூச்சா போகும் குட்டிக்கு எது சரி

அடுக்குமாடியில் நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு மூன்று வழிகள்: வீட்டுக்குள் பேட் (மூச்சாவை உறிஞ்சும் மெத்தென்ற விரிப்பு) விரிப்பது, பால்கனியில் செயற்கைப் புல் தட்டு வைப்பது, நேரம் பார்த்து வெளியே தூக்கிப் போவது. எங்கள் பெண் லாப்ரடார் குட்டிக்கு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். வெளியே என்றால் தெரு அல்ல, மொட்டை மாடி. அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

புல் தட்டு பார்க்க அழகு. சென்னை வெயிலில் மதியத்துக்குள் நாற்றம் கிளம்பிவிடும். தினமும் கழற்றி அலசிக் காயவைக்க ஆள் இருந்தால் வாங்கலாம். அவ்வளவுதான்.

பேடின் வசதியை மறுப்பதற்கில்லை. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு படியேற வேண்டாம், அடைமழைக்கும் கவலையில்லை. குட்டிக்கான தடுப்பூசிகள் முடிய 16 வாரங்கள் ஆகும். அதற்குமுன் பல நாய்கள் புழங்கும் தெருவில் இறக்கினால் பார்வோ பயம், குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் நோய் அது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். ஆனால் வேறு நாய் ஏறாத மொட்டை மாடியில் அந்த ஆபத்து மிகக் குறைவு. மூலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டில் மணல், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், அசோசியேஷன் செயலாளரிடம் கொஞ்சம் பணிவு. இவை போதும்.

என்னை முடிவெடுக்க வைத்தது விலையோ நாற்றமோ அல்ல, குட்டியின் பாதம். எந்தப் பரப்பில் திரும்பத் திரும்பப் போகிறதோ அதுதான் கழிப்பிடம் என்று பாதம் பழகிக்கொள்கிறது. பேடில் பழகிய குட்டிக்கு ‘மெத்தென்றிருந்தால் போகலாம்’ என்பதுதான் பாடம். மிதியடி, பாத்ரூம் வாசல் துண்டு, தரையில் விரித்த பாய் எல்லாம் அதன் கணக்கில் பேடுதான். அப்புறம் வளர்ந்த நாயைத் தெருவுக்குக் கூட்டிப் போனால், சுற்றிச் சுற்றி மோந்துவிட்டு, அடக்கிக்கொண்டு வீடு திரும்பி, பேடில் போய் நிற்கும். அதாவது ஒரு பழக்கத்தை ஊட்டி, பிறகு அதை அழித்து, இன்னொன்றை ஊட்ட வேண்டும். மணலில் பழகியதற்குத் தெரு மண் புதிதல்ல. இரண்டாம் பாடமே தேவைப்படவில்லை.

வீட்டுக்குள் போய்விட்டால் பினாயில் உதவாது. நமக்குத்தான் வாசனை மாறுகிறது, நாய் மூக்குக்குப் பழைய தடம் அங்கேயே இருக்கிறது. என்ஸைம் கலந்த கிளீனர் வாங்குங்கள்.

சரி, குட்டி ‘ஓயாமல்’ போகிறது என்றால் எவ்வளவு? இரண்டு மாதக் குட்டி தூங்கும்போது மூன்று மணி நேரம் தாங்கலாம். விழித்து ஆடும்போது அரை மணிக்கொரு தடவைகூடப் போகும். அது இயல்பு. எழுந்ததும், தின்றதும், ஆடி ஓய்ந்ததும் தூக்கிப் போக வேண்டியதுதான். நான்கைந்து மாதமாகியும் குறையவில்லை, அல்லது ஒழுங்காக இருந்த குட்டி திடீரென மாறியது என்றால் பழக்கத்தைக் குறை சொல்லாமல் உடம்பைப் பார்க்க வேண்டும்.

இங்கேயும் மாடிக்கே என் ஓட்டு, ஏனென்றால் நாம் பக்கத்தில் நிற்கிறோம். நெடுநேரம் குந்தி உட்கார்ந்து சொட்டு சொட்டாக விட்டு, பிறகு அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். பெண் நாய்களுக்கு இது அதிகம். அளவும் நிறைய, தண்ணீர் குடிப்பதும் நிறைய என்றால் அது வேறு விஷயம்: ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூங்கிய இடமே நனைந்திருந்தால் சிறுநீர்க் குழாய் பிறவியிலேயே தவறான இடத்தில் திறந்திருக்கவும் வாய்ப்புண்டு. லாப்ரடாரில் கேள்விப்படாததல்ல. ஆளைக் கண்டதும் குழைந்து விடும் சொட்டு நோயல்ல. பெரும்பாலும் வயதோடு போய்விடும். எதுவானாலும் தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்து வைக்காதீர்கள்.

பேடுக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பரப்பில் ரத்தச் சாயல் பளிச்சென்று தெரியும், மணலில் தெரியாது. ஷிட்ஸூ, பொமரேனியன் போன்ற சிறிய இனங்களை நான் வளர்த்ததில்லை. ஆயுள் முழுக்க பேடிலேயே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு என் பாத வாதம் பொருந்தாது. மூட்டுவலிக்காரர்கள் மட்டும் இருக்கும் வீட்டிலும் மாடிப்படியைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டாக்டர் சிறுநீர் கேட்டால் காலையில் போகும் முதல் மூச்சாவைப் பிடியுங்கள். குட்டி குந்தியதும் பின்னாலிருந்து நீளக் காம்புள்ள குழிக்கரண்டியை நீட்டினால் வேலை எளிது. சுத்தமான டப்பாவில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். கரண்டியை மட்டும் அப்புறம் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுவராதீர்கள்.