செந்தோசாவிலா, சிராங்கூன் சாலையிலா? யுனிவர்சல் போகும் குடும்பம் எங்கே தங்கலாம்

குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறவர்கள் விமான டிக்கெட் எடுத்ததும் அடுத்து யோசிப்பது ஹோட்டலைத்தான். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்ற கேளிக்கைப் பூங்கா செந்தோசாத் தீவில் இருக்கிறது. பிள்ளைகள் வருவதே அதற்காக. அப்படியானால் அந்தத் தீவிலேயே ரூம் போட்டுவிடலாமா, சிராங்கூன் சாலை ஓடும் லிட்டில் இந்தியாவில் தங்கிக்கொண்டு ஒரு நாள் போய்வந்தால் போதாதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணம் முழுவதையும் செந்தோசாவில் கழிப்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேவையில்லாத செலவு. ஆனால் ஆறு வயதுக்குள் குழந்தையோ, அதிகம் நடக்க முடியாத பெரியவர்களோ கூட வந்தால், அங்கே ஒரே ஒரு இரவு தங்குவது கொடுக்கிற காசுக்குத் தகும். அந்த இரவு எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்க ஆலோசனை. 'பூங்காவின் சொந்த ஹோட்டலில் தங்குங்கள், சலுகை கிடைக்கும்' என்பார்கள். அந்த ஊருக்கு அது சரி. ஆர்லாண்டோவில் டிஸ்னியின் ஹோட்டல்களில் தங்குகிறவர்கள் மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே போகலாம். அங்கே யுனிவர்சலின் உயர்தர ஹோட்டல்கள் சிலவற்றில் அறை எடுத்தால், பழைய இரண்டு பூங்காக்களிலும் வரிசையைத் தாண்டிப் போகும் எக்ஸ்பிரஸ் பாஸ் அறைக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். நாலு பேர் குடும்பத்துக்கு அந்த பாஸைத் தனியாக வாங்குவதைவிட ஹோட்டலே லாபமாக இருக்கும் நாட்கள் உண்டு. சிங்கப்பூரில் அந்தக் கணக்கு ஓடாது. யுனிவர்சல் இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்தின் ஹோட்டலில் அறை எடுத்துவிட்டோம் என்பதற்காக எக்ஸ்பிரஸ் பாஸ் தானாகக் கைக்கு வராது. ஏதாவது தொகுப்புச் சலுகையில் எழுதியிருந்தால்தான் உண்டு. புக் செய்யும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் நீங்கள் காசு கொடுப்பது தூரம் குறைவதற்கு மட்டுமே.

சரி, தூரம் எவ்வளவு? லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற வடகிழக்கு ரயில் தடத்தில் ஏறினால் டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், ஹார்பர்ஃபிரண்ட். ஐந்தாவது நிறுத்தமே கடைசி நிறுத்தம். வண்டி மாற வேண்டாம், வழி தவற வாய்ப்பும் இல்லை. மேலே ஏறினால் விவோசிட்டி மால். அதன் மூன்றாவது மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் மோனோரயில். தீவுக்குள் நுழைய ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலரைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்). திரும்பி வரக் கட்டணம் இல்லை, தீவுக்குள் சுற்றவும் இல்லை. அடுத்த நிறுத்தம் ரிசார்ட்ஸ் வேர்ல்டு. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் அந்தச் சுழலும் பூமி உருண்டை. வீட்டு வாசலிலிருந்து என்பதுபோல் ஹோட்டல் வாசலிலிருந்து கணக்கிட்டால், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் போகும் நேரத்தைவிட, நிலையத்தின் அடித்தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்கு ஸ்ட்ரோலரோடு லிஃப்டுக்குக் காத்திருப்பதுதான் நேரத்தைத் தின்னும். அந்த 4 வெள்ளியையும் மிச்சம் பிடிக்க விரும்பினால், விவோசிட்டி கடலோரத்திலிருந்து செந்தோசா போர்டுவாக் வழியாக இலவசமாக நடந்தே போகலாம். கூரை உண்டு, நகரும் நடைபாதையும் உண்டு. காலையில் அது நல்ல நடை. மாலையில், கால் ஓய்ந்த பிள்ளையோடு, வேண்டாம்.

காலை நேரத்தில் லிட்டில் இந்தியாக்காரர்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. பூங்கா திறப்பதே பெரும்பாலும் 10 மணிவாக்கில். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம்: சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால். அங்கே 10 மணி என்றால் குழந்தையின் உடம்புக்குக் காலை ஏழரை. எட்டு மணிக்கு எழுப்பிக் கிளப்புவது, ஊரில் ஐந்தரைக்கு எழுப்புவதற்குச் சமம். ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே பூங்காவுக்குப் போகத் திட்டமிட்டிருந்தால், பக்கத்தில் தங்குவது அந்த முக்கால் மணித் தூக்கத்தைக் கொடுக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துப் போகிறீர்கள் என்றால் அதற்குள் பழகிவிடும்.

பக்கத்தில் தங்குவதன் உண்மையான பலன் பிற்பகலில்தான் தெரியும். மதியம் ஒரு மணிக்கு மேல் அங்கே வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளை அமுக்கும். நுழைவாயில் பக்கம் ஹாலிவுட் வீதிக்கு மேலே பெரிய கூரை இருக்கிறது. மற்ற பகுதிகள் எல்லாம் அப்படி இல்லை. பிற்பகலில் இடியோடு மழை வந்தால் வெளியில் ஓடும் ரோலர் கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் ஹோட்டல் மைக்கேலிலோ ஹோட்டல் ஓராவிலோ இருப்பவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய், குளிப்பாட்டி, இரண்டு மணி நேரம் தூங்கவைத்து, ஐந்து மணிக்கு உற்சாகமாகத் திரும்பி வருவார். லிட்டில் இந்தியாவில் தங்கியவருக்கு அது நடக்காத காரியம். போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால் யாரும் திரும்பி வரப்போவதில்லை. அன்றைய பூங்கா மூன்று மணியோடு முடிந்த மாதிரிதான். மதியத் தூக்கம் தேவைப்படும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு, நான் செந்தோசாவைச் சொல்வது இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான். இடையில் வெளியே வரும்போது, அதே நாளில் திரும்ப நுழையும் முறையை வாயிலில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வாதம் செல்லாது. அவர்கள் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டரில் ஏற 125 செ.மீ. உயரம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொண்டு, கடைசி ரைடு வரை நின்றுவிட்டுத்தான் வருவார்கள். அவர்களுக்கு அறை என்பது ராத்திரி விழுந்து தூங்கும் இடம். அது எங்கே இருந்தால் என்ன?

'பூங்காவின் ஹோட்டல்' என்றாலே வாசலில் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகம் 49 ஹெக்டேர். மைக்கேலும் ஓராவும் பூங்காவுக்குப் பக்கம். எக்குவேரியஸ் ஹோட்டலோ வளாகத்தின் மறுகோடியில், காட்டை ஒட்டி இருக்கிறது. அமைதியான இடம், அட்வென்சர் கோவ் நீர்ப் பூங்காவுக்கு வசதி. ஆனால் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யுனிவர்சலிலிருந்து நடக்க அது தூரம். செந்தோசாவின் மற்ற பகுதிகளில் வேறு ஹோட்டல்களும் உண்டு. 2019-ல் திறந்த வில்லேஜ் ஹோட்டல் செந்தோசாவில் குழந்தைகளுக்கென்றே குளங்கள் இருக்கின்றன; இம்பியா மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்து போகலாம். கடற்கரையை ஒட்டிய ஷாங்ரி-லா ராசா செந்தோசா, நீச்சலும் மணலும்தான் முக்கியம் என்பவர்களுக்கு. பூங்கா ஒரு நாள், குளம் ஒரு நாள் என்று போகிற குடும்பத்துக்கு ரிசார்ட்ஸ் வேர்ல்டைவிட வில்லேஜ் ஹோட்டலே பொருத்தம் என்பேன்.

இனி சாப்பாடு. இதில் லிட்டில் இந்தியாவுக்குப் போட்டியே கிடையாது. 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ், அதைவிடப் பழைய 1924-ன் ஆனந்த பவன், தேக்கா சந்தையின் கடைகள் என்று காலையில் இட்லி, இரவில் தோசை நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். கடைக்காரரிடம் தமிழிலேயே 'காரம் கம்மியாகப் போடுங்கள் அண்ணே' என்று சொல்லலாம். சைவம் மட்டும் சாப்பிடும் பாட்டி கூட வந்தால், இது ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும். செந்தோசாவில் சைவச் சாப்பாடு கிடைக்காமல் இல்லை. ஆனால் தேட வேண்டும், விலையும் கூடுதல், மூன்று வேளையும் அப்படிச் சாப்பிட்டால் மூன்றாம் நாள் யாராவது ரசம் சாதம் கேட்பார்கள். வீரமாகாளியம்மன் கோயிலும் முஸ்தஃபா கடையும் பக்கத்தில் இருப்பது கூடுதல் நிம்மதி. மாத்திரை, டயப்பர், சிம் கார்டு எல்லாம் அலையாமல் முடியும். ஒரு எச்சரிக்கை: இட்லியைப் பார்சல் வாங்கி ரயிலில் ஊட்டலாம் என்று நினைக்காதீர்கள். எம்ஆர்டி எனப்படும் அந்த நகர ரயிலில் சாப்பிடவும் குடிக்கவும் தடை, அபராதம் 500 வெள்ளி வரை போகும்.

லிட்டில் இந்தியாவின் குறை அறைகளில். பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டிய சிறு ஹோட்டல்களில் அறை மிகச் சிறியது, சிலவற்றில் ஜன்னலே இருக்காது. படத்தில் திரைச்சீலை தொங்கினால் பின்னால் ஜன்னல் இருக்கிறது என்று பொருளில்லை. 'ஜன்னல் உண்டா' என்று எழுதிக் கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் லிட்டில் இந்தியாவிலேயே உள்ள ஹில்டன் கார்டன் இன் சிராங்கூன், ஃபேரர் பார்க் நிலையத்தை ஒட்டிய ஒன் ஃபேரர் போன்றவை குடும்பத்துக்கு ஏற்றவை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், வார விடுமுறையில் வரும் தொழிலாளர்களால் அந்தத் தெருக்கள் நிரம்பி வழியும். அது அவர்களின் ஒரே ஓய்வு நாள். ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போகச் சிரமம் என்பதால், அன்று மாலை வேறு பக்கம் போய்வாருங்கள்.

இடையில் ஹார்பர்ஃபிரண்ட் பகுதி ஒன்று இருக்கிறது. விவோசிட்டியில் பெரிய சூப்பர் மார்க்கெட், உணவுக்கூடம், மோனோரயில் எல்லாம் உண்டு. ஹோட்டல்கள் கொஞ்சம்தான். செந்தோசாவில் கிடைக்கும் மதியத் தூக்கமும் இல்லை, லிட்டில் இந்தியாவின் இட்லியும் இல்லை. நல்ல விலையில் அகப்பட்டால் எடுக்கலாம். தேடிப் போக வேண்டாம்.

விலையை ஒப்பிடும்போது கவனம் தேவை. சிங்கப்பூரில் பல ஹோட்டல்கள் காட்டும் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டி என்று அர்த்தம். 300 வெள்ளி என்று காட்டும் அறை 359 வெள்ளி 70 காசாக முடியும். ஒரு தளத்தில் வரி சேர்த்தும் இன்னொன்றில் சேர்க்காமலும் காட்டுவதால், இரண்டையும் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோய்ப் பார்த்தபின் முடிவெடுங்கள். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளை என்று சரியான எண்ணிக்கையையும் வயதையும் போட்டே தேடுங்கள். அங்கே போய் 'இடுக்கிப் படுத்துக்கொள்கிறோம்' என்றால் கேட்கமாட்டார்கள். செந்தோசா அறை விலை வெள்ளி, சனி இரவுகளில் ஏறும், ஏனென்றால் சிங்கப்பூர்க்காரர்களே வார இறுதிக்கு அங்கே வந்து தங்குவார்கள். ஜூன் மாதமும் நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் வரையும் அவர்களுடைய பள்ளி விடுமுறை. நம் பிள்ளைகளுக்கு மே மாதம் விடுமுறை என்பது இதில் நமக்கு ஒரு வரம்: மே நடுவில் ஒரு வாரநாள் என்றால் அறையும் மலிவு, பூங்காவில் வரிசையும் குறைவு.

இப்போது அந்த ஓர் இரவு. பயணம் நாலைந்து நாள் என்றால் லிட்டில் இந்தியாவில் தொடங்குங்கள். மூன்றாம் நாள் காலை அறையைக் காலி செய்து, பெட்டிகளோடு டாக்சியில் செந்தோசா போங்கள். அறை பிற்பகல் மூன்று மணிவாக்கில்தான் கிடைக்கும். ஆனால் பெட்டிகளை வரவேற்பில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நேராகப் பூங்காவுக்குப் போய்விடலாம். வெயில் உச்சத்தில் அறை தயாராகும், அப்போது தூக்கம். மாலையில் மறுபடி பூங்கா. அது மூடியதும் பிள்ளைகளிடம் தெம்பு மிச்சமிருந்தால், 2024-ல் திறந்த சென்சரிஸ்கேப் நடைபாதையின் விளக்குகளைப் பார்த்தபடி கடற்கரை வரை காலாறப் போய்வரலாம், டிக்கெட் தேவையில்லை. மறுநாள் காலை 2025-ல் திறந்த சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகம் அல்லது நீர்ப் பூங்கா. ஒரு இரவு வாடகையில் இரண்டு நாள் செந்தோசா. பூங்காவுக்கு முந்தைய நாள் மாலையே போய் அறை எடுத்து, மறுநாள் பூங்காவுக்குப் போகிற வழக்கம் இதற்கு நேர் எதிர்: மதியத் தூக்கம் வேண்டிய நேரத்தில் அறையைக் காலி செய்திருப்பீர்கள்.

பெட்டிகளோடு இடம் மாறுவது அலைச்சல் என்பவர்கள் உண்டு. இரண்டு பெரிய பெட்டியும் ஒரு பாட்டியும் என்றால் அதுவும் நியாயமே. அந்தக் குடும்பம் லிட்டில் இந்தியாவிலேயே இருந்து, பூங்கா நாளில் மட்டும் திரும்பும்போது டாக்சி எடுக்கட்டும். கைக்குழந்தையோ சின்னப் பிள்ளையோ இருந்தால் கிராப் செயலியில் அழைக்கும் காரைவிடத் தெருவில் கிடைக்கும் டாக்சியே நல்லது. 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்கு கிராப் போன்ற தனியார் வாடகைக் கார்களில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் பின்சீட்டில் பெல்ட் போட்டே உட்காரவையுங்கள். சாதாரண டாக்சியில் நாலு பேர்தான் ஏறலாம், ஐந்தாவது ஆள் இருந்தால் ஆறு இருக்கை வண்டியாகக் கேளுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஹாலோவீன் நிகழ்ச்சி நடக்கும் இரவுகளில் பூங்காவைச் சாதாரணப் பார்வையாளர்களுக்குச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். அந்த நாளில் மாலை திரும்பி வரும் திட்டமே இல்லாமல் போவதால், செந்தோசா அறைக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கும் பலனில்லை. பூங்காவின் நேர அட்டவணையைப் பார்த்து, நிகழ்ச்சி இல்லாத நாளாகத் தேர்ந்தெடுத்த பிறகு அறையை புக் செய்யுங்கள்.