கூண்டு மீன் வேலைக்கு எந்த ரப்பர் சிலுவார் (கால்சட்டை): ஆண்களின் சின்ன சைஸா, பெண்களுக்கென்று தைத்ததா?

மலேசியாவில் பினாங்கின் புக்கிட் தம்புன் துறையிலிருந்து சம்பானில் (சின்னப் படகு) போய், கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளில் சியாகாப் (கொடுவா மீன்) தரம் பிரிப்பது என் வேலை. நெஞ்சுவரை ஏறும் ரப்பர் சிலுவார் இல்லாமல் முடியாது. மூன்று வருடம் ஆண்களின் எஸ் சைஸ் போட்டேன். பெண்கள் அளவில் தைத்ததை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து 14 மாதம் ஆகிறது. இனி பழையதைத் தொடமாட்டேன்.

விலையில் ஆண்களுடையதுதான் ஜெயிக்கும். துறைப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும், கிழிந்தால் பசை போட்டு ஒட்டலாம். புதியது நான்கு மடங்கு விலை. அளவும் தெரிந்த கதைதான்: ஆண்களுடையது இடுப்பில் இறுக்கும், காலில் தொங்கும், ஈரப்பலகையில் குதிகாலுக்கு அடியில் மாட்டும். மீன்பிடிப்பு, மீன் வளர்ப்பு வேலையில் நேரடியாக இருப்பவர்களில் 21 விழுக்காடு பெண்கள் என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2022 அறிக்கை. ஆனாலும் நான் ஏறிய கடைகளில் சின்ன சைஸ் என்றால் சின்ன ஆணின் சைஸ்தான்.

என்னை மாற வைத்தது கழிப்பறை. ஆண்கள் சிலுவாரின் வார்கள் லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில் இருக்கும். ஒதுங்க வேண்டுமென்றால் ஜாக்கெட்டைக் கழற்றி, மீன் சளி ஒட்டிய விரலால் கொக்கிகளை விடுவித்து, மொத்தத்தையும் முழங்கால்வரை இறக்க வேண்டும். காவல் குடிசையின் தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால் காலையில் ஏறினால் கரை சேரும்வரை தண்ணீரே குடிக்கமாட்டேன், அதுவும் ரப்பருக்குள் வெந்துகொண்டு. ஒரே வருடத்தில் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று. "நானும் குடிக்கிறதில்லக்கா" என்று கூட வேலை செய்யும் தங்கச்சி சொன்ன அன்றுதான் தேட ஆரம்பித்தேன்.

புதியதில் வார் தோளிலேயே இருக்கும், பின்பக்கம் மட்டும் ஜிப்பில் இறங்கும். பாய்மரப் படகோட்டும் பெண்களுக்கு மஸ்டோ, கில் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் இப்படித் தைக்கின்றன. ஆனால் சியாகாப்பின் செவுள் மூடி கத்திபோல் அறுக்கும். அந்த மெல்லிய துணியை நம்பாமல் கனமான பூச்சுத் துணியில்தான் வாங்கினேன்.

பராமரிப்பு என்றால் ஜிப்தான். இடுக்கில் உப்பும் செதிலும் உறையும். தினமும் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் உலர்த்துகிறேன். வாரம் ஒருமுறை மெழுகுவர்த்தியால் தடவுகிறேன். அக்டோபர் மழையில் நான்கு நாள் அப்படியே விட்டேன், ஜிப் பாதியில் நின்றுவிட்டது. வெந்நீர் ஊற்றி ஊற்றித்தான் நகர்ந்தது. ஜிப்பே போய்விட்டால் தையல்கடையில் மாற்றலாம், ஆனால் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். இந்த ஒரு விஷயத்தில் பழையதுதான் நிம்மதி.

நான் இழுவைப் படகில் போனதில்லை. அங்கே வலை இழுக்கும் வின்ச் பக்கத்தில் நிற்பவர்கள், ஜிப்பில் இறங்கும் பின்மடல் எங்காவது மாட்டுமா என்று கரையிலேயே போட்டுக் குனிந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அளவெடுக்கும்போது உள்ளே போடும் சிலுவாரோடு எடுங்கள். தங்கச்சிக்கும் ஒன்று வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் அனுப்பும் கூலியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.