கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கும் பழைய போலீஸ் பேட்ஜ்: பின்பக்கம் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பழைய போலீஸ் பேட்ஜ், மெடல், பொத்தான் சேர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்காட்சி வைக்க நினைப்பவர்கள் அவசியம் படியுங்கள். "கண்காட்சிக்கு ரெடியான செட்" என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்ற பலகைக்கு 2,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அதிலிருந்த பேட்ஜ்கள் அத்தனையும் போலி.

விற்றவர் கோலாலம்பூரில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் நம்மவர். போலீஸ் தினத்தையொட்டி ஜார்ஜ்டவுனில் எங்கள் சங்க மண்டபத்தில் சிறு கண்காட்சி வைக்கத் திட்டமிட்டிருந்தோம். 1807 மார்ச் 25 அன்று பினாங்குக்கு நீதிச் சாசனம் (நீதிமன்றம் அமைக்கும் பிரிட்டிஷ் அரச ஆணை) வழங்கப்பட்டது. அந்த நாளைத்தான் இந்த நாட்டுப் போலீஸ் படை தன் தினமாகக் கொண்டாடுகிறது. இது தொடங்கிய ஊரே நம் ஊர் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். மெரூன் வெல்வெட்டில் ஆறு பேட்ஜ், நடுவே ஒரு மெடல், ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகட்டில் விவரம். மெடலின் கீழே, அவசரகாலத்தில் (மலாயாவில் 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்டுகளோடு நடந்த போர்க்காலம்) பணியாற்றிய பினாங்குத் தமிழ்க் கான்ஸ்டபிள் ஒருவருடையது என்று பொறித்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். அவசரகாலத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், அதில் நம் ஆட்கள் செய்த வேலைக்குக் கையில் எடுத்துக் காட்ட என்ன இருக்கிறது? பின்பக்கப் படம் கேட்டதற்கு, "சீல் வச்சிருக்கு அண்ணே, பிரிச்சா மதிப்பு போயிடும்" என்றார்.

பலகை வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் முதலில் உறுத்தியது ஒரு கிரீடம். தகட்டில் "ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் போலீஸ், பினாங்கு, 1930" என்று இருந்தது. ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் என்பது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பழைய பிரிட்டிஷ் காலனி. 1901 முதல் மன்னர்கள் காலத்துப் பேட்ஜ்களில் கிரீடத்தின் வளைவுகள் குவிமாடமாக உயர்ந்து நிற்கும். எலிசபெத் ராணி காலத்துக் கிரீடத்தில் அதே வளைவுகள் நடுவில் கீழே இறங்கும். இந்தப் பேட்ஜில் இருந்தது ராணியின் கிரீடம். அவர் முடிசூடியது 1953-இல், ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் கலைக்கப்பட்டதோ 1946-இல். இரண்டும் ஒரே பேட்ஜில் இருக்க வழியே இல்லை. இன்னொன்றில் "ராயல்" என்ற சொல் இருந்தது, தகட்டில் 1955. அந்தப் பட்டத்தை மாமன்னர் போலீஸ் படைக்கு வழங்கியதே 1958 ஜூலையில்தான்.

அதன் பிறகுதான் பின்பக்கக் காகிதத்தைப் பிரித்தேன். பேட்ஜ்களைப் பசை போட்டு வெல்வெட்டில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பார்த்தேன். அச்சில் அடித்த பித்தளைப் பேட்ஜுக்கு முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாகத் தெரியும். இவை எல்லாம் உருக்கி ஊற்றிய வார்ப்பு. பின்பக்கம் தட்டையாக, சின்னச் சின்னக் குழிகளோடு இருந்தது. கிரீட வளைவுகளுக்கு இடையே வெட்டுப்பட்டிருக்க வேண்டிய ஓட்டைகள் அடைபட்டிருந்தன. பழைய போலீஸ்காரர் பேட்ஜை பிராசோ (பித்தளை பாலிஷ்) போட்டுத் தேய்த்துத் தேய்த்து வைத்திருப்பார். மேடான இடம் மழுங்கியிருக்கும், இடுக்கில் பிராசோ காய்ந்து ஒட்டியிருக்கும். இவற்றில் தேய்மானமே இல்லை, ஏதோ ரசாயனத்தால் எங்கும் ஒரே மாதிரி கறுக்க வைத்திருக்கிறார்கள்.

மெடல் மட்டும் அசல். அதுதான் என்னை அதிகம் வருத்தியது. ஊதா ரிப்பனில் நடுவே பச்சைக் கோடு, "மலாயா" என்ற பட்டை: பிரிட்டிஷ் ஜெனரல் சர்வீஸ் மெடல். இந்த மெடலின் விளிம்பில் பெற்றவரின் எண்ணும் பெயரும் அச்சாகியிருக்கும். சட்டத்தின் வளையம் அந்த விளிம்பைச் சுற்றி மறைத்திருந்தது. எடுத்துப் பார்த்தால் எட்டு இலக்க எண், ஓர் ஆங்கிலேயர் பெயர், காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்றின் சுருக்கம். போலீஸும் இல்லை, பினாங்கும் இல்லை, தமிழரும் இல்லை. இங்கே வந்து போன ஒரு சிப்பாயின் பெயரை மறைத்து, இல்லாத ஒரு தமிழரைப் படைத்து எங்களிடம் விற்றிருக்கிறார். அந்தச் சிப்பாயின் பேரப்பிள்ளைகள் இதை எங்காவது தேடிக்கொண்டிருக்கலாம்.

போன் செய்தேன். "சீலை நீங்க பிரிச்சிட்டீங்களே, இனி நான் எடுக்க முடியாது" என்றார். மாட்டாமல் தப்பிப்பதற்குத்தான் அந்தச் சீல். பிரித்தால்தான் போலி தெரியும், பிரித்துவிட்டால் பணம் திரும்பாது. கண்காட்சியைத் தள்ளிவைத்துவிட்டோம். பொய்யான தகட்டைப் பிள்ளைகள் முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் போட்ட எதையும் விற்பவர் தன் கையால் உங்கள் முன்னால் திறந்து காட்டினால் மட்டும் வாங்குங்கள். வெளியூர் என்றால் பின்பக்கத்தையும் மெடலின் விளிம்பையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஜெனரல் சர்வீஸ் மெடலின் விட்டம் 36 மில்லிமீட்டர். அளவு குறைந்திருந்தால் விளிம்பை அராவி வேறு பெயர் போட்டிருக்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டும். பேட்ஜின் பின்னால் லண்டன் கம்பெனி முத்திரை இருக்கிறது என்பதை வைத்து மட்டும் நம்பாதீர்கள், அதையும் சேர்த்தே வார்க்கிறார்கள். கோலாலம்பூர் போனால் பெர்டானா பூங்கா பக்கத்திலுள்ள போலீஸ் அருங்காட்சியகத்தில் அசல் பேட்ஜ்களை நிதானமாகப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

பணம் போனவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 'போராங் 1' (படிவம் 1) நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும், வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் வியாபாரமாக விற்பவர்மீதுதான் அங்கே போக முடியும். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

நானும் மனு போட்டிருக்கிறேன், விசாரணை இனிமேல்தான். மெரூன் வெல்வெட், பித்தளைத் தகடு, பின்னால் பழுப்புக் காகிதச் சீல் உள்ள இதே மாதிரிப் பலகை உங்களிடம் இருந்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். விசாரணையில் காட்ட உதவும்.