முதியோர் இல்லத்துக்கு வைப்புப் பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாண நகரை அண்டிய ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததை, தாய் தகப்பனை இப்படியான இடங்களில் சேர்க்க யோசிப்பவர்களும், குறிப்பாக வெளிநாட்டில் இருந்தபடி தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யும் பிள்ளைகளும் அறியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் இல்லத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளைகள் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். சீனி வருத்தத்துக்கு நாளுக்கு இரண்டு தடவை இன்சுலின் போடவேண்டும். இடுப்பெலும்பு முறிந்த பின்னர் அவரால் தனியே எழுந்து நடக்க முடியாது. கைதடியில் உள்ள அரச இல்லம் ஆதரவற்றவர்களுக்கானது என்பதால் பிள்ளைகள் தனியார் இல்லத்தை நாடினார்கள். 300,000 ரூபா வைப்புப் பணம், மாதம் 85,000 ரூபா கட்டணம். இரவும் பகலும் தாதி இருப்பார், வைத்தியர் கிழமைதோறும் வருவார், போதனா வைத்தியசாலை கிளினிக்குக்கு வாகனத்தில் கூட்டிச் செல்வோம் என்று பொறுப்பாளர் உறுதி கூறினார். இவற்றில் ஒன்றுகூட எழுத்தில் தரப்படவில்லை.

ஞாயிறுகளில் வீடியோ அழைப்பு வரும். தோய்த்த சேலையும் பவுடரும் திருநீறுமாகப் பெரியம்மாவை முன் விறாந்தைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டே பேசவிடுவார்கள். அவருடைய கட்டிலையோ அறையையோ பிள்ளைகள் ஒரு நாளும் காணவில்லை.

ஒரு நாள் மாலை சொல்லாமல் போனபோதுதான் உண்மை தெரிந்தது. பெரியம்மா வியர்வையில் தோய்ந்து, என்னை அடையாளம் காணாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "வயது போனால் அப்பிடித்தான், அக்கா" என்றாள் பணிப்பெண். பக்கத்து மருந்துக்கடையிலிருந்து ஒருவரை அழைத்துப் பரிசோதித்தபோது இரத்தச் சீனி 48 காட்டியது; 70க்குக் கீழ் போனாலே ஆபத்து. சீனி கரைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருக்கிய பிறகே அவருக்கு நினைவு தெளிந்தது. தாதி என்று சொல்லப்பட்டவர் காலையும் மாலையும் வந்துபோகும் ஒருவர். ஐந்து மணிக்கு இன்சுலினைப் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுவார், இரவுச் சாப்பாடோ ஏழரைக்குத்தான். பெரியம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் கலப்பு இன்சுலினைப் போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிடவேண்டும் என்பது அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. திறக்காத இன்சுலின் போத்தல்கள் குளிர்சாதனப் பெட்டியில் அல்லாமல் அடுப்புக்கு மேலே இருந்த தட்டில் கிடந்தன. கிளினிக் கொப்பியில் கடைசி இரண்டு தவணைகளுக்கும் பதிவே இல்லை. வாகனச் செலவு மட்டும் பிள்ளைகளிடம் அறவிடப்பட்டிருந்தது.

புரட்டிப் பார்த்தபோது முதுகின் அடியில் படுக்கைப் புண். எழும்ப முடியாதவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் படுக்க வைக்கவேண்டும். "இரவில கூப்பிட்டா ஒருத்தரும் வாறேல்லை, பிள்ளை" என்றார் பெரியம்மா. பதினொரு முதியவர்களுக்கு இரவில் அந்த ஒரே பெண்தான். அவளே சமையலும் துணி தோய்த்தலும். அவளில் எனக்குக் கோபமில்லை, இந்த ஏற்பாட்டைச் செய்து பணம் வாங்கியவர்களில்தான் கோபம்.

அன்றே பெரியம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வைப்புப் பணத்தைக் கேட்டதற்கு, ஒரு மாதத்துக்கு முன்னர் அறிவிக்கவில்லை என்றும், கட்டில் மெத்தை பழுதாகிவிட்டது என்றும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த சான்றிதழை நம்பித்தான் பலர் பணம் கட்டியிருக்கிறார்கள். அது வெறும் வணிகப் பெயர்ப் பதிவு. கடை தொடங்குபவரும் அதைப் பெறலாம். முதியோர் இல்லம் நடத்துவதற்கு, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான பதிவு வேறாக இருக்கிறது. அந்தப் பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைக் கவனிக்கும் உத்தியோகத்தரிடம் சரிபார்த்த பின்னரே பணத்தைப் பற்றிக் கதையுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒரு தடவை போய்ப் பாருங்கள். மருந்து கொடுத்த நேரத்தை எழுதும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். வைப்புப் பணம் எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்பதைக் கையொப்பத்துடன் வாங்குங்கள். வீடியோ அழைப்பில் கட்டிலையும் காலையும் முதுகையும் காட்டும்படி கேட்கத் தயங்கவேண்டாம்.

பற்றுச்சீட்டுகள், கிளினிக் கொப்பியின் பிரதி, புண்ணின் படங்கள் ஆகியவற்றை இணைத்துப் பிரதேச செயலகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். புண் ஆறிவருகிறது, வைப்புப் பணத்தில் ஒரு சதம்கூட இன்னும் திரும்பவில்லை.