இரண்டு மணி நேரப் பிறந்தநாள் பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பிறந்தநாளை வீட்டில் வைத்தால் முடிந்தபின் பெருக்கித் துடைக்கும் வேலை இருக்கும். குழந்தைகள் விளையாட்டு அரங்கில் வைத்தால் அது மிச்சம். ஆனால் அங்கே கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். விளம்பரத்தில் பலூன் வளைவும் கிரீடமும் தீம் அலங்காரமும்தான் கண்ணில் படும். பெற்றோரின் தலைவலியைக் குறைப்பதில் இவற்றுக்குப் பங்கே இல்லை. எந்த நேர ஸ்லாட், எப்படிப்பட்ட ஹோஸ்ட் (பார்ட்டியைக் கவனித்துக்கொள்ளும் அரங்க ஊழியர்), தலைக்கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்பதை வைத்தே பேக்கேஜை மதிப்பிட வேண்டும்.

முதலில் நேரம். 120 நிமிடம் என்று எழுதியிருந்தால் விளையாட்டுக்குக் கிடைப்பது 50 முதல் 60 நிமிடம். உள்ளே நுழைய 15 முதல் 20 நிமிடம், பார்ட்டி ரூமில் 35 முதல் 40, கிளம்ப 10. இதில் கையில் பிடித்துக் குறைக்கக்கூடியது நுழைவு நேரம் மட்டும்தான். பெற்றோர் ஒப்புதல் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப முடியுமானால், அழைப்பிதழோடு அந்த லிங்க்கையும் அனுப்பிவிடுங்கள். அந்தந்தக் குழந்தையின் அப்பாவோ அம்மாவோதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பல இடங்களில் விதி. பக்கத்து வீட்டுக்காரரோடு வந்த பிள்ளை கேட்டிலேயே நிற்க, கூட்டி வந்தவர் பெற்றோருக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பார். அடியில் ரப்பர் பிடிப்புள்ள சாக்ஸும் அப்படித்தான்: பேக்கேஜில் சேர்த்தியா, வீட்டிலிருந்து கொண்டுவந்தால் ஒத்துக்கொள்வார்களா என்று முன்பே கேட்டு, அளவுகளைச் சொல்லி எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

நாளின் முதல் ஸ்லாட் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். முந்தைய பார்ட்டி பத்து நிமிடம் இழுத்தால் அடுத்தது பத்து நிமிடம் தள்ளும். மாலைக்குள் அந்தத் தாமதம் அரை மணியாகச் சேர்ந்துவிடும். காலையில் பந்துக்குளமும் கழிவறையும் சுத்தமாக இருக்கும், ஊழியர்களும் களைத்திருக்க மாட்டார்கள். பகலில் தூங்கும் வயதுப் பிள்ளைகளுக்கும் அதுவே தோது.

வரிசை முக்கியம்: முதலில் விளையாட்டு, பிறகு சாப்பாடு. அறை காலியாக இருக்கிறது என்று சில இடங்களில் முதலிலேயே உட்கார வைக்கப் பார்ப்பார்கள். சம்மதிக்காதீர்கள். வயிறு நிறைந்த பிள்ளை டிரம்போலினில் (துள்ளிக் குதிக்கும் பாயில்) குதித்தால் வாந்திதான். அது பந்துக்குளத்தில் நடந்தால் சுத்தம் செய்து முடிக்கும்வரை யாருக்கும் அங்கே விளையாட்டு இல்லை. ஆடி முடித்ததும் தண்ணீர் கொடுத்து ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு கேக்குக்குப் போகலாம்.

கேக்கில் எல்லோரும் அளவுக்கு மீறி வாங்குகிறார்கள். ஒரு கிலோவில் 80 முதல் 100 கிராம் அளவில் 10, 12 துண்டு வரும். ஆடிக் களைத்த குழந்தை பாதித் துண்டைத் தட்டிலேயே விட்டுவிடும். வட்ட கேக்கைவிடச் செவ்வக கேக் நல்லது. நீளத்தில் ஐந்து, அகலத்தில் நான்கு என்று வெட்டினால் இரண்டே நிமிடத்தில் 20 சதுரங்கள் தயார், சின்னது பெரிது என்ற சண்டையும் வராது. கத்தி, மெழுகுவத்தி, தீப்பெட்டி மூன்றையும் ஒரு பையில் போட்டு நீங்களே எடுத்துப் போங்கள். எல்லாம் அங்கே இருக்கும் என்று நம்பிப் போய், விளக்கை அணைத்தபின் தீப்பெட்டி தேடுவது வாடிக்கை. பொறி பறக்கும் மெழுகுவத்திக்குப் பல இடங்களில் தடை, புகை அலாரம் அடித்துவிடும் என்பதால். ஐஸ்கிரீம் கேக் என்றால் அவர்களிடம் ஃப்ரீசர் உண்டா, கேக் பெட்டி அதில் நுழையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜின் உயிர் ஹோஸ்ட்தான். "எங்கள் குழுவுக்கு மட்டும் ஒருவரா, இரண்டு அறைக்கு ஒருவரா?" என்று நேராகக் கேளுங்கள். இரண்டு அறைக்கு ஒருவர் என்றால் அவர் கேக் வரும்போது தலையைக் காட்டுவார், அவ்வளவுதான். நல்ல ஹோஸ்ட் அறை நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே பிள்ளைகளைத் திரட்டி, கைகழுவ வைத்து, எண்ணிப் பார்த்து உட்கார வைப்பார். இந்தப் பத்து நிமிட வேலைக்காக மேல்நிலை பேக்கேஜ் எடுத்தாலும் தகும். கதவு சாத்தும் தனி அறைக்கும் கூடுதல் பணம் கொடுக்கலாம். திரை மட்டும் தொங்கும் மேசைப் பகுதியில், ஆர்கேட் (கேம் மெஷின்கள் உள்ள பகுதி) சத்தத்துக்கு நடுவே வாழ்த்துப் பாட்டே காதில் விழாது. தீம் அலங்காரம் வேண்டாம். நாற்பது நிமிடம் அறையில் இருக்கும் பிள்ளைகள் சுவரைப் பார்ப்பதே இல்லை.

தலைக்கணக்கில் பணம் சத்தமில்லாமல் போகும். குறைந்தபட்சம் 10 பேர் என்றால் எட்டுப் பேர் வந்தாலும் பத்துக்குத்தான் பில். இறுதி எண்ணிக்கை சொன்னபிறகு கூட்ட விடுவார்கள், குறைக்க விட மாட்டார்கள். அதனால் நிச்சயம் வருபவர்களை மட்டும் சொல்லிவிட்டு, கூடுதல் தலைக்கு அதே விலையா அதிகமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட வரும் தம்பி தங்கைகளையும், உள்ளே வரும் பெரியவர்களையும் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதும் அதில் இருக்கட்டும்.

ஆர்கேட் கார்டு சேர்த்தி என்றால் புள்ளிக் கணக்கைவிட நேரக் கணக்கு மேல். புள்ளிகள் பத்து நிமிடத்தில் தீரும், பிறகு ரீசார்ஜ் கேட்டு உங்களிடம்தான் வரிசை கட்டுவார்கள். நேரக் கார்டில் பரிசு டிக்கெட் தரும் மெஷின்கள் அடங்காமல் போகலாம். அதில் நட்டமில்லை. அந்த டிக்கெட்டுகளைப் பரிசாக மாற்றும் கவுண்டர்தான் கடைசிக் கால் மணி நேரத்தை விழுங்கும்.

டிரம்போலின் உள்ள இடமானால் ஒரு விதியில் மட்டும் கறாராக இருங்கள்: ஒரு குதிக்கும் பாயில் ஒரு பிள்ளை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2012ஆம் ஆண்டு அறிக்கைப்படி, டிரம்போலின் காயங்களில் சுமார் 75% பலர் சேர்ந்து குதிக்கும்போது ஏற்படுபவை. அதிலும் அடிபடுவது பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான். சறுக்குமரத்தில் கைக்குழந்தையை மடியில் வைத்துச் சறுக்காதீர்கள். குழந்தையின் ஷூ பக்கச் சுவரில் பிடித்துக்கொள்ள, பெரியவரின் எடை முன்னே தள்ள, கீழ்க்கால் எலும்பு முறியும். வெடித்த ரப்பர் பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும், எட்டு வயதுக்குட்பட்டவர்கள் வாயில் போட்டால் மூச்சடைக்கும்.

ஐந்து முதல் ஒன்பது வயதுவரை இந்தப் பேக்கேஜ் முழுப் பலன் தரும். மூன்று வயதுக்குள் என்றால் பாதி விளையாட்டுகளில் உயர அளவுகோலே தடுத்துவிடும், சாதாரண நுழைவுச் சீட்டே போதும். கிளம்பும்போது அறையைக் காலி செய்யக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் பரிசுகளைப் பிரிக்க விடாதீர்கள். பெரிய துணிப்பை இரண்டும் ஒரு மார்க்கரும் கையில் இருந்தால், கொடுத்தவர் பெயரைப் பொட்டலத்தின் மேலேயே எழுதிப் போட்டுக்கொண்டே போகலாம்.