டர்ன்டேபிளா, பிளேயரா, கன்ட்ரோலரா: டிஜே கலைக்குப் புதியவர் எதில் பழகத் தொடங்குவது?

டிஜே ஆக விரும்பிப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கருவியை வாங்குவது என்பதைத்தான். இசைத்தட்டு சுழலும் டர்ன்டேபிள், கிளப்புகளில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும் மீடியா பிளேயர், மடிக்கணினியோடு இணைத்து இயக்கும் கன்ட்ரோலர் என மூன்று வழிகள் அவர்கள் முன் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விட்டுக்கொடுக்காத ஆதரவாளர்களும் உண்டு. பல ஆண்டுகளாகத் திருமண வரவேற்புகளில் பாட்டு போட்டும், புதியவர்களை அருகில் வைத்துப் பழக்கியும் வந்த அனுபவத்தில், இந்த மூன்றையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பாடலையும் அடுத்து வரவேண்டிய பாடலையும் ஒரே நேரத்தில் கேட்டு, இரண்டின் தாளமும் சேர்ந்து போகிறதா, எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று சொல்லத் தெரிந்த காதை எந்தக் கருவி நன்றாக வளர்க்கும்? விலையும் வசதியும் பெருமையும் அதற்குப் பிறகு வரட்டும்.

இந்தக் கலையின் இலக்கணம் டர்ன்டேபிளில்தான் உருவானது. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் விருந்துகளுக்குப் பாட்டு போட்ட கூல் ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில வினாடிப் பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி, ஆடுபவர்களுக்காக நீட்டிக் கொடுத்தார். இன்று கன்ட்ரோலரில், பாடலின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் பொத்தானை ஒருமுறை தட்டினால் நடப்பது, அந்தக் கைவேலையின் சுருக்கமே. டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்எல்-1200 என்ற டர்ன்டேபிள் 1972இல் வெளிவந்தது. அதில் மோட்டார், பெல்ட் இல்லாமல் தட்டை நேரடியாகச் சுழற்றுவதால், கையால் பிடித்து நிறுத்திய தட்டு விட்டவுடனே முழு வேகத்தை எட்டிவிடும். 1979இல் வந்த எம்கே2 வடிவம், வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் நீளமான ஒரு ஸ்லைடரைத் தந்தது. திரையில்லாத, எண்ணில்லாத அந்த ஸ்லைடரும் ஒரு ஹெட்போனும் மட்டும் கையில் இருந்தால் காதை நம்புவதைத் தவிர வேறு வழியே இல்லை. காதைப் பழக்குவதில் டர்ன்டேபிளுக்கு நிகரான ஆசான் கிடையாது என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் தமிழ்ப் பாடல்களைப் போட விரும்பும் ஒருவரை டர்ன்டேபிளில் தொடங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990களுக்குப் பிறகு வந்த தமிழ்த் திரைப்பாடல்களில் மிகப் பெரும்பாலானவை இசைத்தட்டாக வெளிவரவே இல்லை என்பதால், கூட்டம் கேட்கும் பாடலை அதில் போட வழி இல்லை. 2004இல் வந்த செராட்டோ ஸ்கிராட்ச் லைவ் போன்ற முறைகள், கணினியில் உள்ள பாடலைக் பாட்டுக்குப் பதிலாகக் குறியீட்டு ஒலி பதிந்த இசைத்தட்டு ஒன்றின் மூலம் டர்ன்டேபிளிலேயே கையாள வழி செய்தன. ஆனால் அப்போது டர்ன்டேபிள் இரண்டு, அவற்றின் ஒலியைக் கலக்கும் மிக்ஸர், ஊசிகள், கணினி என்று எல்லாமே தேவைப்படுகின்றன. இன்னொரு சிக்கல் குரலைப் பற்றியது. சாதாரண டர்ன்டேபிளில் வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் சுருதியும் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். கேட்பவருக்கு அறிமுகமில்லாத ஒரு ஹவுஸ் (மின்னணு நடன இசை வகை) இசைத்தட்டில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த பாடகரின் குரல் அரைக் கட்டை ஏறி ஒலித்தால், நம் கூட்டத்தில் பந்திக்குப் போய்க்கொண்டிருப்பவர்கூட நின்று திரும்பிப் பார்ப்பார். ஓடும் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து ஒலி எழுப்பும் ஸ்கிராட்ச் கலையில் ஈடுபாடு கொண்டவர் மட்டும் தயங்காமல் டர்ன்டேபிளுக்குப் போகலாம், ஏனெனில் தட்டின் எடையும் ஊசியின் பிடிமானமும் அந்தக் கலையோடு பிறந்தவை.

மீடியா பிளேயரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பயனியர் நிறுவனத்தின் சிடிஜே-1000 என்ற குறுந்தட்டு பிளேயர் 2001இல் வந்து, இசைத்தட்டைப் போலவே கையால் கையாளும் முறையை டிஜிட்டலுக்குக் கொண்டுவந்தது. 2009இல் வந்த சிடிஜே-2000, யுஎஸ்பி குச்சியோடு மட்டும் கிளப்புக்குப் போகும் வழக்கத்தைப் பரப்பியது. உலகின் பெரிய கிளப்புகளில் இந்த வரிசையே இன்றும் பொதுமொழியாக இருப்பதால், எல்லா டிஜேக்களும் என்றாவது இதில் கை வைத்தே ஆக வேண்டும். ஆனால் இரண்டு பிளேயரும் ஒரு மிக்ஸரும் சேர்ந்த தொகுப்பின் விலைக்குத் தொடக்கநிலைக் கன்ட்ரோலர்கள் பத்துக்கு மேல் வாங்கிவிடலாம். ஸ்டுடியோக்களில் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து, பழகிய கையோடு போய்ச் சில மணி நேரம் இயக்கிப் பார்ப்பதே இதற்குச் சரியான முறை. கடன் வாங்கிப் பிளேயரில் தொடங்கியவர்கள், வாங்கிய கடனுக்காக வாய்ப்புகளின் பின்னால் ஓடிப் பயிற்சியைக் கைவிட்டதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

ஆகவே கன்ட்ரோலர். கையால் சுழற்றும் வட்டத் தட்டுகளான ஜாக் வீல் இரண்டு, நடுவே சிறு மிக்ஸர், மடிக்கணினிக்கு ஒரு கேபிள். தொடக்கநிலையில் பலர் வாங்கும் பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, கணினியின் யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்வதால் மின்வெட்டு நேரத்திலும் ஹெட்போனில் பயிற்சி தொடரும் என்பது நம் ஊருக்குச் சிறிய நன்மை அல்ல. அதில் உள்ள மிக்ஸரின் அமைப்பு பெரிய மிக்ஸரின் அமைப்பையே ஒத்திருப்பதால், ட்ரிம் (உள்ளே வரும் ஒலியின் அளவு), ஹை, மிட், லோ (உச்ச, நடு, கீழ் ஒலிகள்) என்று மேலிருந்து கீழே விரல் போகும் பாதை ஒருமுறை பழகிவிட்டால் கிளப்பிலும் விரல் தடுமாறாது.

கன்ட்ரோலரின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு, அது எல்லாவற்றையும் தானே செய்துவிடுகிறது என்பது. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. சிங்க் பொத்தானை அழுத்தினால் இரண்டு பாடல்களின் வேகமும் ஒன்றாகிவிடும். எஃப்எல்எக்ஸ்4இல் ஸ்மார்ட் ஃபேடர் என்ற வசதி ஒலி அளவு, பேஸ், வேகம் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றித் தரும். இதற்கு நான் காணும் தீர்வு கருவியை ஒதுக்குவது அன்று. முதல் மூன்று மாதங்களுக்குச் சிங்க் பொத்தானின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு, திரையில் பாடல்களின் அலைவடிவம் ஓடும் பகுதியையும் ஒரு காகிதத்தால் மறைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் சில ஆயிரம் ரூபாய்க் கன்ட்ரோலர், டர்ன்டேபிளின் பாடத்தில் பெரும்பகுதியை நடத்திவிடுகிறது.

அந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்று அருகில் இருந்து பார்ப்போம். ஒலிபெருக்கியில் நிமிடத்துக்கு 124 தாள அடிகள், அதாவது 124 பிபிஎம் வேகத்தில் ஒரு பாடல் ஓடுகிறது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, அடுத்த பாடலின் முதல் கிக் (பெரிய டிரம்மின் அடி) ஒலியை, பாடலைத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி வைக்கும் க்யூ பொத்தானில் பிடித்து வைத்திருக்கிறோம். ஓடும் பாடலின் முதல் அடியில் விரலை விட்டதும் இரண்டு கிக்கும் ஒன்றாக விழுகின்றன. ஆனால் அடுத்த பாடல் உண்மையில் 124.5 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வினாடிகளில் அது சுமார் 24 மில்லிவினாடி முந்திவிடும். அதுவரை ஒற்றையாகக் கேட்ட கிக் மெல்லப் பிளந்து, குதிரைக் குளம்பு போல ‘டக்டக்’ என்று இரட்டையாக ஒலிக்கத் தொடங்கும். ஒரு நிமிடம் விட்டுவிட்டால் அரை அடி விலகி, ஒன்றின் கிக் மற்றொன்றின் இடைவெளியில் விழுந்து கூட்டத்தின் கால்களைக் குழப்பிவிடும். பிளப்பு தொடங்கும்போதே ஜாக் வீலின் ஓரத்தைப் பெருவிரலால் இலேசாகப் பின்னுக்கு இழுத்து அடியைச் சேர்த்துவிட்டு, உடனே ஸ்லைடரை மயிரிழை குறைக்க வேண்டும். முந்துகிறதா பிந்துகிறதா என்பது தொடக்கத்தில் யாருக்கும் பிடிபடுவதில்லை. தவறான திசையில் தள்ளி மேலும் கெடுத்துக்கொள்வதும் பாடத்தின் பகுதியே. தினமும் 40 நிமிடம் அமர்ந்தால் சில வாரங்களில் அந்தத் திசை காதுக்குத் தானாகத் தெரியத் தொடங்கும்.

சிங்க் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் தமிழ்ப் பாடல்களிலேயே இருக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு பாடலையும் ஆராய்ந்து, அதன் மேல் சம இடைவெளியில் கோடுகள் வரைகிறது. சிங்க் அந்தக் கோடுகளைத்தான் பொருத்துகிறது, பாடலை அல்ல. கணினியில் உருவான நடன இசையில் கோடும் அடியும் விலகுவதில்லை. ஆனால் 1980களின் தமிழ்த் திரைப்பாடல்களில் பல, வாத்தியக் கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்துப் பதிவானவை. பல்லவியில் ஒரு வேகம், சரணம் சூடுபிடிக்கும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகம் என்று அவை உயிரோடு மூச்சுவிடுகின்றன. அங்கே கோடு ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமும் போகும். சிங்க்கை நம்பியவரின் கலவை இரண்டாவது சரணத்தில் உடையும். காதால் பழகியவரோ ஜாக் வீலில் விரலை வைத்தபடி பாடலோடு கூடவே நடந்துவிடுவார்.

திஸ்ர நடை இன்னும் ஆழமான சிக்கல். நம்முடைய குத்துப் பாட்டுகளில் கணிசமானவை ஓர் அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரத்தில் அமைந்தவை. உலக நடன இசையில் பெரும்பகுதி அடியை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ரத்தில் ஓடுவது. மென்பொருள்கள் சதுஸ்ரத்தை அடிப்படையாகக் கொண்டு கோடு வரைவதால், திஸ்ரப் பாடலின் வேகத்தைச் சில நேரம் ஒன்றரை மடங்காகவோ மூன்றில் இரண்டாகவோ தவறாகக் காட்டிவிடுகின்றன. வேகத்தைச் சரிசெய்து கிக்கை மட்டும் பொருத்தினாலும், தவிலின் மூன்றும் ஹை-ஹாட் என்ற டிரம் தாளத்தட்டின் நான்கும் ஒன்றோடொன்று மோதுவது கேட்கும். இப்படிப்பட்ட இரண்டை 32 தாள அடிகள் வரை நீட்டிக் கலப்பதைவிட, முதல் பாடலின் வரி முடியும் இடத்தில் ஒலியை வெட்டி, அடுத்ததன் முதல் அடியைச் சரியான கணத்தில் விடுவதே அழகு. ஹவுஸ் இசையைக் கற்பிக்கும் பாடங்கள் நீண்ட கலவையையே முதன்மையாகச் சொல்லித்தருகின்றன, ஏனெனில் அந்தப் பாடல்கள் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளத்தோடு டிஜேக்காகவே நீட்டி வெளியிடப்படுகின்றன. நம் பாடல்களில் பெரும்பாலானவை அப்படி வருவதில்லை. சில வினாடி முன்னிசை முடிந்ததும் குரல் வந்துவிடும். அதனால் புதியவர் வெட்டும் கலையையும், இடையிசையில் நான்கு அடியைப் பிடித்து லூப்பாக நீட்டும் கலையையும் முதல் மாதத்திலிருந்தே பழக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இதற்குக் கன்ட்ரோலரே மிகப் பொருத்தம், ஏனெனில் லூப்பும், குறித்து வைத்த இடத்துக்கு உடனே தாவும் ஹாட் க்யூவும் அதில் விரல் நுனியிலேயே இருக்கின்றன.

மென்பொருளில் ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ, மிக்ஸ் (கடைசியில் மூன்று எக்ஸ் எழுத்துகளோடு வரும் இலவசத் திறமூல மென்பொருள்) ஆகியவை ஒப்பிடத் தக்கவை. பின்னாளில் கிளப் பிளேயருக்குப் போக எண்ணுபவருக்கு ரெக்கார்ட்பாக்ஸ் நேர்வழி: அதில் ஒழுங்குபடுத்திய பாடல்களை யுஎஸ்பி குச்சியில் ஏற்றிப் பிளேயரில் அப்படியே போடலாம். செராட்டோவின் இலவச லைட் வடிவம் எளிமையானது. ஆனால் அதில் பயிற்சியைப் பதிவுசெய்ய முடியாது என்பதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன். போடும்போது நன்றாக இருப்பதாகத் தோன்றிய கலவையை மறுநாள் காலையில் கேட்டால்தான், பேஸ் இரண்டும் ஒன்றாக ஒலித்துக் குழம்பிய இடமும் குரல் மேல் குரல் ஏறிய இடமும் தெரியவரும். கன்ட்ரோலர் வாங்கவே பணம் சேராதவர், அந்தத் திறமூல மென்பொருளை இறக்கி, விசைப்பலகையிலேயே இன்றே தொடங்கலாம். பதிவு செய்யும் வசதியும் அதில் உண்டு.

கற்கும் இடத்தைப் பொறுத்தவரை, பயிற்சிப் பள்ளிக்கும் ஒலி-ஒளி அமைப்பாளரிடம் உதவியாளராகச் சேர்வதற்கும் இடையே நான் இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன். பள்ளி, கருவியையும் பிழை திருத்தும் ஒருவரையும் தருகிறது. அது மதிக்கத் தக்கது. ஆனால் வரவேற்பு மண்டபத்தில் வயர் இழுத்து நிற்கும் பையன் கற்பது வேறு. ஒலிபெருக்கியில் வரும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் எர்த் கோளாறால் வருவது என்று அவனுக்குத் தெரியும். மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிந்தால் சத்தம் கூடாது, சிதையும் என்று தெரியும். பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகே இளையவர்கள் மேடை முன்னே வருவார்கள் என்றும் தெரியும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆகவே ஆட்டம் உச்சத்துக்கு வரவேண்டிய நேரம் ஒன்பதரை என்று கணக்கிட்டு, எட்டரைக்கே பாடல்களின் வேகத்தைப் படிப்படியாக ஏற்றத் தொடங்கும் மூத்த டிஜேயின் கையை அவன் பக்கத்திலிருந்து பார்க்கிறான். ஒரே ஒரு எச்சரிக்கை: காதடைப்பான் இல்லாமல் ஒலிபெருக்கியின் அருகே நிற்கக் கூடாது. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்று கொள்ளும் கணக்கில், 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். டிஜேக்கு மாற்று வாங்க முடியாத கருவி காது ஒன்றே.

கையில் உள்ள பணத்தைப் பங்கிடுவதானால், இரண்டு சேனல் (ஒரே நேரத்தில் இரண்டு பாடல்களைக் கையாளும்) கன்ட்ரோலரில் மிக எளியதை வாங்கி, மிச்சத்தை ஹெட்போனில் போடுங்கள். காதை மூடி வெளிச்சத்தத்தைத் தடுப்பதாகவும், ஒரு பக்கத்தைத் திருப்பிவிடக் கூடியதாகவும் அது இருக்க வேண்டும். சென்ஹைசர் எச்டி 25 பல பத்தாண்டுகளாக டிஜேக்களின் கழுத்தில் தொங்குவது இந்தக் காரணங்களால்தான். பிறகு பாடல்கள். ஆயிரக்கணக்கில் சேர்க்காமல் 60 பாடல்களை மட்டும் நல்ல தரத்தில் விலை கொடுத்து வாங்கி, ஒவ்வொன்றுக்கும் வேகம், நடை, குரல் தொடங்கும் இடம், வெட்டத் தோதான இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். அந்த 60க்குள் எந்தப் பாடலுக்குப் பின் எது வந்தாலும் நோட்டைப் பார்க்காமல் சேர்க்க முடிகிற நாளில், பொத்தானின் மேல் ஒட்டிய டேப்பை எடுத்துவிடலாம்.